சுவரில் வரைந்த கொக்கு

குண்டன் மறுபடியும் சமையலறைக்கே வந்துவிட்டான்.

சின்னவள் தோளில் இருந்த பையைக் கூட இறக்காமல் வாசலிலேயே நின்று அவனைப் பார்த்தாள். நேற்று சாயங்காலம் வகுப்புக்குக் கிளம்புவதற்கு முன்னால், இடுப்பு ஒடியத் தூக்கிக்கொண்டு போய்ப் பஞ்சு அறையில் வைத்துவிட்டு வந்தது இவனைத்தான். இப்போது அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், தன் பழைய தாங்கியில், ஊரில் ஒன்றுமே நடக்காத மாதிரி தொங்கிக்கொண்டிருந்தான். போதாக்குறைக்குக் கழுத்தில் அக்காவின் கைத்துண்டு வேறு.

குண்டன் என்பது ஆள் இல்லை. தண்ணீர் நிரப்பிய தீயணைப்பான். அக்காவும் அத்தானும் நடத்துகிற அந்தப் பட்டறையில், சோபாவுக்கும் நாற்காலிக்கும் பஞ்சு வைத்து உறை தைக்கிறார்கள். அங்கே தீயணைப்பான்கள் மொத்தம் நான்கு. அத்தான் அவற்றை ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கி வந்தார். நான்கும் சிவப்பு. பெயர் வைத்தது தச்சு வேலை பார்க்கிறவர். எந்நேரமும் உதட்டுக்கிடையில் ஆணிகளைக் கடித்துக்கொண்டிருப்பதால் அவரையே எல்லோரும் ஆணி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். உயரமாகவும் பருமனாகவும் இருந்த தண்ணீர்க்காரன் குண்டன் ஆனான். வாயில் கறுப்புக் கொம்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்த கரியமில வாயுக்காரன் கொம்பன். பொடி நிரப்பியது மாவு மூட்டை. நான்காவது, சமையல் எண்ணெயில் பிடிக்கிற தீக்கென்றே கரைசல் நிரப்பியது. அதன் குழாய் மெலிந்து நீண்டு, நுனியில் வளைந்திருக்கும். அதுதான் கொக்கு.

பெயர் வைத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அத்தான் படமும் வரைந்துவிட்டார்.

அந்தப் பட்டறையில் சுத்தியலுக்கு ஒரு படம் உண்டு. கத்தரிக்கோலுக்கு உண்டு, அளவுகோலுக்கு உண்டு, பசை வாளிக்கும் துடைப்பத்துக்கும் கூட உண்டு. சாமானைச் சுவரில் வைத்துச் சுற்றிலும் கோடு இழுத்து, உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருப்பார் அத்தான். எடுத்தவர் வேலை முடிந்ததும் அந்தக் கறுப்பை மூட வேண்டும், அவ்வளவுதான் சட்டம். சாயங்காலம் விளக்கை அணைக்கும்போது சுவரில் ஒரு கறுப்பு தெரிந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. "கண்ணைக் கட்டி விட்டாலும் இந்தப் பட்டறையில எனக்கு எது எங்க இருக்குன்னு தெரியும்" என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வார். ஒருமுறை மின்சாரம் போனபோது, கும்மிருட்டில் நேராக நடந்து போய்க் கையை நீட்டி டார்ச்சை எடுத்தும் காட்டினார். அன்று முதல் யாரும் அவரோடு அதில் வாதாடுவதில்லை.

தீயணைப்பான்கள் வந்த அன்றும் அப்படித்தான். எந்தச் சுவரில் எந்த உருவம் பார்க்க நன்றாக இருக்கிறது என்று பார்த்து வரைந்தார். உயரமான குண்டனுக்குச் சமையலறைச் சுவரில் இடம் வாகாக இருந்தது. கொம்பனைப் பஞ்சு அறையில் மாட்டினார். கொக்கை மின்சார மெயின் போர்டுக்குப் பக்கத்தில். மாவு மூட்டை மட்டும் பசை அறைக்குப் போனது. தற்செயலாக அது ஒன்றுதான் சரி.

சின்னவளுக்கு இது தெரிந்ததே மாலை வகுப்புக்குப் போன பிறகுதான். கட்டடத்துக்காரர் ஒவ்வொரு பட்டறையிலிருந்தும் ஒரு ஆளைச் சாயங்காலங்களில் நடக்கிற தீ பாதுகாப்பு வகுப்புக்கு அனுப்பச் சொன்னார். எல்லோரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள். நிதானமாகக் குறிப்பு எடுப்பாள், கேள்வி கேட்காமல் போய்விட்டு வருவாள் என்பதுதான் காரணம். போனாள், எடுத்தாள். மரம், துணி, பஞ்சு என்றால் தண்ணீர். மின்சாரம் என்றால் வாயு. பசை, பெயிண்ட் என்றால் பொடி. கொதிக்கிற எண்ணெய் என்றால் அதற்கென்று உள்ள கரைசல். எழுதிக்கொண்டே வரும்போது சமையலறைச் சுவரும் அதில் தொங்குகிற குண்டனும், அவனுக்குப் பக்கத்திலேயே தினமும் மத்தியானம் பட்டறைக்கே உருளைக்கிழங்கு சீவிப் பொரிக்கிற அக்காவும் கண் முன்னால் வந்தார்கள். அதற்குப் பிறகு அவள் எழுதிய வரிகள் கோணலாகப் போயின.

மறுநாளே அத்தானிடம் போய் நின்றாள். அவர் ஒரு சோபா முதுகை அளந்துகொண்டிருந்தார்.

"அத்தான், சமையலறைல குண்டன் இருக்கக் கூடாது."

"ஏன், சாப்பாட்டுல பங்கு கேக்கிறானா?"

"இல்லத்தான். எண்ணெய்த் தீயில தண்ணி விட்டா, தண்ணி அடியில போய்ச் சட்டுனு ஆவியாகி எண்ணெயைத் தூக்கி வெளிய அடிக்கும். பக்கத்துல நிக்கிறவங்க மேலயே. தீ கூரை வரைக்கும் போகும்னு நினைக்கிறேன்."

அத்தான் அளவுநாடாவைச் சுருட்டினார். "நினைக்கிறியா, தெரியுமா?"

"தெரியும்." ஒரு கணம் விட்டு, "தெரியும்னுதான் நினைக்கிறேன்."

தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். ஆணி அண்ணனால் சிரிக்க முடியவில்லை, வாயில் ஆணி.

"அப்ப நல்லா நினைச்சு முடிச்சுட்டு வா," என்றார் அத்தான். "நாலும் சிவப்பு. நாலும் தீயை அணைக்கும்னுதான் குடுத்தான். நாலும் அதது எடத்துல இருக்கு. இதுல உனக்கு என்ன இடிக்குது?"

அவளுக்கு எல்லாமே இடித்தது. குறிப்பைப் பிரித்துப் பார்த்தாள். அவள் சொன்னதுதான் அங்கே இருந்தது, அடியில் இரட்டைக் கோடு போட்டு. விஷயம் சரி. சொல்கிற தொண்டைதான் சரியில்லை. அக்கா 'சோறு ஆறுது' என்றால் பட்டறையே எழுந்து வருகிறது. அவள் 'தீ பிடிக்கும்' என்றால் மெஷின் கூட நிற்பதில்லை, சிரிப்பதற்குத்தான் நிற்கிறது.

சரி, பேச்சு வேண்டாம், கையால் செய்துவிடுவோம் என்று மாற்றி வைக்க ஆரம்பித்தாள். குண்டனைப் பஞ்சு அறைக்கு. பஞ்சு அறையின் கொம்பனை மெயின் போர்டுக்கு. போர்டுக்குப் பக்கத்தில் இருந்த கொக்கைச் சமையலறைக்கு. காலையில் வந்து பார்த்தால் மூவரும் வீடு திரும்பியிருந்தார்கள். மறுபடி மாற்றினாள், மறுபடி திரும்பினார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. அதுதான் எரிச்சலே. கெட்ட எண்ணம் இருந்தால் சண்டையாவது போடலாம்.

அதனால்தான் அன்று காலை அவள் பையை இறக்காமல் நின்றது.

"அக்கா, இவனை யாரு இங்க கொண்டு வந்தது?"

அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "யாரோ. நல்லதாப் போச்சு. துண்டு போட இடமில்லாம அல்லாடினேன் நேத்து."

"துண்டு போடவா அவன் இருக்கான்?"

"பின்ன? வாங்கின நாள்லேர்ந்து வேற என்ன வேலை செஞ்சிருக்கான்?"

"அக்கா, உன் அடுப்புல தீப்பிடிச்சா இவனை எடுத்து அடிப்ப. அடிச்சா உன் மூஞ்சிதான் வெந்து போகும்."

"காலங்காத்தால நல்ல வார்த்தை வருதாடி உனக்கு?" என்றாள் அக்கா. "போய் டீ குடி."

டீ குடிக்கவில்லை. கணினியில் தட்டித் தடித்த எழுத்தில் அட்டைகள் அச்செடுத்தாள். 'எண்ணெய்த் தீ: கொக்கு மட்டும். தண்ணீர் கூடாது.' 'மின்சாரத் தீ: கொம்பன். கொம்பைக் கையால் பிடிக்காதீர்கள், குளிரில் கை விறைத்துவிடும்.' 'பஞ்சு, துணி: குண்டன்.' புரியட்டும் என்று பட்டப் பெயரிலேயே போட்டாள். மூன்றையும் இடம் மாற்றிச் சுவரோரம் தரையில் வைத்து, மேலே அட்டையும் ஒட்டினாள். பட்டறையே கூடி நின்று படித்தது.

"எழுத்து எவ்வளவு தெளிவா இருக்கு," என்றார் தையல்காரர்.

ஆணி அண்ணன் ஆணிகளை உள்ளங்கையில் துப்பிக்கொண்டு, "பாப்பா, பஞ்சுல கொம்பன் இருந்தா என்ன தப்பு? வாயு அடிச்சா அணையாதா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள். அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிடும் போலிருந்தது.

"அணைஞ்ச மாதிரி இருக்கும்ண்ணே. பஞ்சு உள்ள கனன்னுக்கிட்டே கிடக்கும். நாம அணைஞ்சுடுச்சுன்னு திரும்பினதும் மறுபடி பிடிச்சுக்கும். தண்ணிதான் உள்ள இறங்கிக் குளிர வைக்கும்."

"ஓ," என்றார் ஆணி அண்ணன். "சரிதான்." ஆணிகள் வாய்க்குள் போயின.

அடுத்த நாள் காலை அட்டைகள் அப்படியே இருந்தன. 'எண்ணெய்த் தீ: கொக்கு மட்டும்' என்ற அட்டைக்கு நேர் கீழே குண்டன் தொங்கிக்கொண்டிருந்தான், துண்டோடு.

"நீங்களாண்ணே?" என்றாள் தையல்காரரிடம். அவர் மறைக்கவில்லை.

"நான்தான் தங்கச்சி. அட்டையைப் படிச்சேன், புரிஞ்சுது. ஆனா கொக்கு கீழ தரையில சாஞ்சு கிடந்துச்சு. சுவர்ல பாத்தா குண்டனோட படம், உள்ள ஒண்ணுமில்லாம கறுப்பா. அதப் பாத்துட்டே எப்படி வீட்டுக்குப் போறது? கை தானா எடுத்து வச்சுடுச்சு."

"படிச்சுட்டு, புரிஞ்சுட்டு, அப்புறமும் வச்சீங்க."

"படிச்சது கண்ணு. வச்சது கை," என்றார் அவர், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வது போல.

அவள் திரும்பி நடந்தாள். பஞ்சு அறை வழியாகப் போகும்போது நடைபாதையின் குறுக்கே கொம்பன் கிடந்தான். யாரோ பாதி வழியில் விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். இடறி விழுவார்களே என்று முனகிக்கொண்டே தூக்கிச் சுவரில் மாட்டினாள். மாட்டி, கையைத் தட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்த பிறகுதான் நின்றாள்.

திரும்பிப் பார்த்தாள். பஞ்சு அறைச் சுவரில், கொம்பனின் கறுப்புப் படத்தின் மேல், கோடு பிசகாமல் கொம்பன். மாட்டியது அவளேதான்.

வகுப்புக்குப் போனவள் அவள். அட்டை அடித்தவள் அவள். அவள் கையும் இந்தப் பட்டறைக் கைதான் போலிருக்கிறது. அந்த இடத்திலேயே ஒரு பஞ்சு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். தன்னை நினைத்தே அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் கொஞ்சம் தணிந்ததும், ஆளை மாற்ற முடியாது, அட்டையை யாரும் கேட்கப் போவதில்லை, இந்தச் சுவர் சொல்வதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள் என்று தோன்றியது.

அன்று மத்தியானம் அத்தான் சோபா இறக்கிக் கொடுக்கப் போனதும், வெள்ளை பெயிண்டும் கறுப்பு பெயிண்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். முதலில் மூன்று பழைய படங்களின் மேலும் வெள்ளை பூசினாள். காய்வதற்குள் மனம் மாறிவிடுமோ என்று பயந்து, விசிறி போட்டு உலர்த்தினாள். பிறகு சமையலறைச் சுவரில் கொக்கை வைத்துக் கோடு இழுத்தாள். அவசரத்தில் கொக்கின் அலகு கொஞ்சம் நீண்டு, வாத்தா கொக்கா என்று சந்தேகம் வருகிற மாதிரி ஆகிவிட்டது. மெயின் போர்டுக்குப் பக்கத்தில் கொம்பன். பஞ்சு அறையில் குண்டன். அவன் படம் அகலத்தில் இன்னொரு சுற்றுப் பெருத்துப் போனது. அக்கா எட்டிப் பார்த்து, "உங்க அத்தான் வரட்டும், உனக்கு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இருக்கத்தான் செய்தது.

"என் சுவத்துல கை வச்சது யாரு?" அத்தான் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"நான்தான் அத்தான்."

"இது என்ன பிராணி?"

"கொக்கு."

"கொக்கா இது? இத்தனை வருஷமா ஒரு கோடு பிசகாம வச்சிருந்த சுவரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டேன் அத்தான். நினைச்சு முடிச்சுட்டு வான்னு சொன்னீங்க."

ஆணி அண்ணன் அவசரமாக எதையோ தேடுவது போல மேஜைக்கடியில் குனிந்தார். அத்தானுக்கு முகம் சிவந்தது. "ஞாயித்துக்கிழமை பட்டறை லீவு. நானே வந்து பழைய மாதிரி அடிக்கிறேன். அதுவரைக்கும் இந்தக் கோலத்தப் பாத்துத் தொலைக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆனால் அன்று சாயங்காலம் விளக்கை அணைக்கும்போது கொக்கு தாங்கியில் லேசாகச் சரிந்திருந்ததைக் கண்டார். நேராக்கிவிட்டுத்தான் போனார். அவருக்கும் கை இருக்கிறதே.

சனிக்கிழமை மத்தியானம் துணிக்கட்டு வந்தது. சாயம் சரியா என்று பார்க்க அக்காவைக் கூப்பிட்டார்கள். எண்ணெய் காயட்டும் என்று அடுப்பைப் பெரிதாக வைத்துவிட்டுப் போனாள். வெளியே போனால் சாயம் வேறு. கொண்டுவந்தவனோடு பேச்சு நீண்டது.

சின்னவளுக்கு முதலில் வாசனைதான் வந்தது. சமையலறைக்கு ஓடியபோது வாணலிக்கு மேல் தீ ஓர் ஆள் உயரத்துக்கு நின்று ஆடிக்கொண்டிருந்தது. அடுப்பின் குமிழ் தீக்குப் பின்னால் இருந்தது. வகுப்பில் எழுதிய ஒவ்வொரு வரியும் அவளுக்கு நினைவுக்கு வந்தது, எது முதல் வரி என்பதைத் தவிர. கேஸை நிறுத்துவதா, மூடி போடுவதா, எவ்வளவு தள்ளி நிற்பது? கால் தரையோடு ஒட்டிக்கொண்டது.

அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். வந்த வேகத்தில் குழாயடியிலிருந்த தண்ணீர்ப் பானையைத் தூக்கிவிட்டாள்.

அதைப் பார்த்ததும் கால் விடுபட்டது. பாய்ந்து அக்காவின் இரண்டு கைகளையும் பானையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"விடுடி, எரியுது."

"ஊத்தாத அக்கா. ஊத்தாத."

"பைத்தியமாடி உனக்கு, விடு."

இருவரும் இழுத்ததில் பானை சரிந்து தண்ணீர் அவர்கள் காலிலேயே கொட்டியது. அதற்குள் அத்தான் வந்துவிட்டார். அவர் யோசிக்கவில்லை, அட்டையைப் படிக்கவில்லை, சுவரைக் கூடப் பார்க்கவில்லை. கண் தீயின் மேலேயே இருக்க, கை மட்டும் பக்கவாட்டில் நீண்டது. குண்டனைத் தேடித்தான் நீண்டிருக்க வேண்டும். கையில் வந்தது கொக்கு.

அவர் அதைப் பார்த்துத் திகைத்தார். "இத எப்படி?"

"மேல சொருகியிருக்கிற பின்னைப் பிடுங்குங்க அத்தான்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "கிட்டப் போகாதீங்க, அங்கேயே நில்லுங்க. அலகை மேல தூக்கிப் பிடிச்சு, எண்ணெய் மேல மெதுவா விழற மாதிரி அடிங்க. ஆணி அண்ணே, வெளிய கேஸை மூடுங்க."

யாரும் எதிர்க் கேள்வி கேட்கவில்லை. கொக்கு சீறியது. தூறல் மாதிரி விழுந்த கரைசல் எண்ணெயின் மேல் சோப்பு நுரையாகப் படர்ந்தது. தீ ஒருமுறை எம்பிப் பார்த்தது, குறுகியது, வாணலி விளிம்பில் நீலமாக ஓடி அணைந்தது. அத்தான் நிறுத்தப் போனார். "முழுசும் அடிங்க" என்றாள். அது காலியாகும் வரை அடித்தார்.

கூரையில் ஒரு கரித்தடம். அக்காவின் புருவத்தில் ஒரு மயிர் கூடக் கருகவில்லை. அவள் ஈரத் தரையில் உட்கார்ந்து, கையில் தங்கிவிட்ட பானை மூடியையே வெறித்துக்கொண்டிருந்தாள். "ஊத்தியிருப்பேன்டி" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அத்தான் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு துணிக்கட்டு கொண்டுவந்தவனிடம் போய், "பாத்தியாப்பா? அதது எடத்துல இருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம். இதத்தான் இத்தனை வருஷமா கத்திட்டிருக்கேன்" என்றார்.

சின்னவள் வாயைத் திறந்தாள். ஆணி அண்ணன் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் பெயிண்ட் டப்பாவோடு பட்டறைக்குப் போனார். அவள் வீட்டில் உட்கார்ந்து, பழைய படம் திரும்பிவிடும், திங்கட்கிழமை எல்லாம் முதலிலிருந்து என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சமையலறைச் சுவரில் கொக்குதான் இருந்தது. அலகு சரியான நீளத்துக்குக் குறைக்கப்பட்டு, கோடு கத்தி போல நேராக்கப்பட்டு, உள்ளே இரண்டு பூச்சுக் கறுப்பு. பஞ்சு அறையில் குண்டனும் இளைத்திருந்தான். அவள் மூச்சு விட்டது பாதிதான். அதற்குள் கண்ணில் பட்டது: படத்தின் மேல் கொக்கே தொங்கிக்கொண்டிருந்தது. துடைத்து, பளபளவென்று, பிடுங்கிய பின்னைக் கூடத் திரும்பச் சொருகி. உள்ளே ஒரு சொட்டு கிடையாது. அலகில் அக்காவின் துண்டு.

"கீழ கிடந்துச்சு தங்கச்சி," என்றார் தையல்காரர் பின்னாலிருந்து.

அவள் நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டாள். மெதுவாகத்தான். "காலிண்ணே அது. ரொப்பி வர்ற வரைக்கும் அதுவும் வெறும் டப்பாதான். இங்க தொங்கினா எல்லாரும் இருக்குன்னு நம்பிடுவாங்க."

பேச்சுக் கேட்டு அத்தான் வந்தார். கொக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அளவுநாடாவை விரலில் சுற்றி அவிழ்த்தார்.

"அப்ப ரொப்பி வர்ற வரைக்கும் இந்த இடம் காலியாத்தான் இருக்கணும்."

"ஆமா அத்தான்."

"இது கறுப்பாத் தெரியற வரைக்கும் அடுப்புல எண்ணெய் வைக்கக் கூடாது."

ஆணி அண்ணன் வாயிலிருந்து ஆணிகளை எடுத்தார். "வெறும் சோத்தையா திங்கறது?"

"தின்னு," என்றார் அத்தான். பிறகு அவள் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "சரிதானே?"

"நினைக்கி..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "சரிதான்."

அத்தானே கொக்கைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரொப்பப் போனார். சுவரில் கறுப்புக் கொக்கு மட்டும் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவள் தண்ணீர் குடிக்க வந்தபோது, காலித் தாங்கியில் அக்கா துண்டை மாட்டியிருந்தாள். துண்டு விரிந்து கறுப்பைப் பாதி மறைத்திருந்தது.

சின்னவள் துண்டை எடுத்தாள். குழாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, துண்டை அதில் தொங்கவிட்டு, பென்சிலை எடுத்துச் சுற்றிலும் கோடு இழுக்க ஆரம்பித்தாள்.